அதிர்ஷ்ட முழங்கால்

போன சனிக்கிழமை மைதானத்திலிருந்து வீடு வந்து சேரும்வரை நீங்கள் இரண்டு பேரும் காரின் பின்சீற்றில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தீர்கள். இறங்கும்போதுதான் சின்னவன் வாயைத் திறந்தான். "ஸோ எம்பரஸிங், அப்பா."

அவன் வெட்கப்பட்டுக் கோபித்தது நியாயம்தான். அவனுடைய உதைபந்து அணிப் பையன் ஒருவன் ஓடும்போது விழுந்து காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். இரண்டு பெரியவர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். வேலியோரம் நின்ற தாய் தகப்பன்மார் எல்லாரும் கைதட்டினார்கள். இந்த நாட்டில் அது வழக்கம். உங்கள் அப்பா மட்டும் தட்டவில்லை. வேலிக்கு மேலால் காலைப் போட்டு உள்ளே ஓடி, தூக்கி வந்தவர்களை மறித்து, அந்தப் பையனின் வாயருகே காதைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு நின்றேன்.

"வை, அப்பா?" என்று பெரியவளும் கேட்டாள்.

எனக்கு வாயால் சொல்ல வராது. சொல்லத் தொடங்கினால் கோபம்தான் வரும். அதனால் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப் பிழை இருந்தால் அம்மா திருத்துவா. பெரியவள் வாசித்துச் சின்னவனுக்குச் சொல்லட்டும்.

எழுபதுகளின் நடுப்பகுதி. பெரியவள் தவழுகிற வயது. சின்னவன் பிறக்கவில்லை. கிளேட்டன் என்ற புறநகரில் பெரிய ரோட்டோரம் பழைய கார் விற்கிற யார்ட் ஒன்றில் எனக்குக் கார் கழுவுகிற வேலை. அங்கே கார் விற்கிறவனாக ஒருவன் இருந்தான். அவனுடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. அவனுக்கும் இப்போது எங்கேயாவது பிள்ளைகள் இருக்கலாம்.

முதல் சனிக்கிழமை காலை நான் கண்ட காட்சி இதுதான். யார்ட் வாசலில் அவன் ஒரு காரின் பொனட்டில் சாய்ந்து நிற்கிறான். இடது பக்கக் காற்சட்டையைத் தொடைவரை சுருட்டிவிட்டிருக்கிறான். உதைபந்துச் சீருடை போட்ட பொடியன்மார் வரிசையாக வந்து ஒவ்வொருவராகக் குனிந்து அவனுடைய முழங்காலைத் தொட்டுத் தடவிவிட்டுப் போகிறார்கள். கோயிலில் விபூதி வாங்குகிற வரிசை போல. சிலர் தொட்ட கையைத் தங்கள் முழங்காலில் தேய்த்துக்கொண்டார்கள்.

கிட்டப் போய் அந்த முழங்காலைப் பார்த்தேன். அது முழங்கால் மாதிரியே இல்லை. ஒரு பக்கம் பப்பாளிப்பழம்போல ஊதி, மறு பக்கம் குழி விழுந்து, நடுவில் தையல் போட்ட தழும்பு ஊதா நிறத்தில் ஓடியது.

"என்ன செய்யினம்?" என்று யார்டில் இருந்த கிரேக்க மெக்கானிக்கிடம் கேட்டேன்.

"அதிர்ஷ்டம்," என்றான் அவன், கையைத் துடைத்துக்கொண்டு. "அவன்ரை கால் உடைஞ்சிட்டுது. அதைத் தொட்டால் தங்கடை கால் உடையாதாம்."

முதலாளி பக்கத்தில் நின்று வாடிக்கையாளர்களையும் கூப்பிட்டார். அந்தப் பொடியன்மாரின் உதைபந்துக் கிளப்பின் தலைவரும் அவர்தான். "வாங்கோ, தொட்டுப் பாருங்கோ, கடிக்காது!" ஒரு தாய் தன் குழந்தையைத் தூக்கிப் பிடித்து, அதன் சின்னக் கையை அந்த வீக்கத்தில் வைத்தாள். ஒரு கிழவர் விரலை மூட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "மடக்கு பாப்பம்" என்றார். அவன் மடக்கினான். உள்ளே ஏதோ நொறுங்குவதைக் கையால் உணர்ந்து கிழவர் வாய்விட்டுச் சிரித்தார். அவனும் சிரித்தான்.

அதுதான் எனக்கு அதிகம் அருவருப்பாக இருந்தது, அவனும் சிரித்தது.

இந்த ஊர் உதைபந்து எங்கள் ஊர் உதைபந்து இல்லை. முட்டை வடிவப் பந்து, கையாலும் பிடிக்கலாம். அவன் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றின் அணியில் நடுவில் நின்று ஆடியவன். பந்து யாருக்குப் போகவேண்டும் என்று தீர்மானிக்கிறவன் அவன்தான். அவன் கையில் படாமல் ஒரு கோலும் விழாது என்று சொல்வார்கள். பெரிய கிளப் ஒன்று அடுத்த வருடம் வரச்சொல்லிக் கூப்பிட்டிருந்ததாம். அதற்கு முன் கல்லூரிகளின் இறுதி ஆட்டம்.

அந்தக் காலத்தில் ஒரு விதி இருந்தது. மைதானத்தை விட்டு வெளியே போனவன் திரும்ப உள்ளே வரமுடியாது. அதனால் காயப்பட்டவனை வெளியே எடுக்கமாட்டார்கள். எதிரியின் கோலுக்குப் பக்கத்து மூலையில் நொண்டிக்கொண்டு நிற்க விடுவார்கள். தற்செயலாகப் பந்து அங்கே வந்தால் அடிக்கட்டும் என்று. அவனுடைய முழங்கால் ஆட்டத்தின் பாதிக்கு முன்பே போய்விட்டது. கால் மரத்துப்போக ஊசி போட்டு, துணியால் இறுக்கிக் கட்டி, மூலையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கடைசி நேரத்தில் பந்து அவனிடம் வந்தது. அந்தக் காலில் ஊன்றி மற்றக் காலால் அடித்தான். கோல். கோப்பை. அதோடு அவனுடைய ஆட்டம் முடிந்தது. நடக்க முடியாமல் மாதக் கணக்கில் கிடந்ததில் படிப்பும் போனது. உடனே வெளியே எடுத்திருந்தால் காலைச் சரிப்படுத்தியிருக்கலாம் என்று பிறகு டொக்டர் சொன்னாராம்.

டொக்டர் சொன்னதை அவன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லமாட்டான். கோல் கதையை மட்டும் சொல்வான். கார் வாங்க வந்தவர்கள் காரைப் பார்க்கமுதல் அதைத்தான் கேட்பார்கள். அவன் கையை விரித்து, எதிரிகளை ஒவ்வொரு காராகக் காட்டி, "இந்தப் பச்சை வான் மாதிரி ஒருத்தன் என்னை மறிச்சுக்கொண்டு நிக்கிறான்" என்று தொடங்குவான். கேட்கிறவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். நான் பச்சை வானுக்குச் சவர்க்காரம் போட்டபடியே அந்தக் கதையை எத்தனையோ தரம் கேட்டேன்.

கதை முடிந்ததும் முதலாளி பந்தைக் கொண்டுவந்து கொடுப்பார். கார் வரிசைக்கு மேலால் அடித்துக் காட்டவேண்டும். பந்து கொடிக்கம்பத்தைத் தாண்டிப் போகும். கைதட்டுவார்கள். "களைச்சுப் போனியோ?" என்று முதலாளி கேட்பார், எல்லாருக்கும் கேட்கும்படி. அவன் ஒரு விரலை உயர்த்திக் காட்டுவான். "இன்னொன்று இருக்கு." இன்னொரு அடிக்குத் தெம்பு இருக்கு என்று அர்த்தம், எப்போதும் அதே வார்த்தை.

பிறகு பின்பக்கம் நான் கார் கழுவுகிற இடத்துக்கு வருவான். வாளியைக் கவிழ்த்து அதில் இருப்பான். சில நாட்களில் வாந்தி எடுப்பான். நான் குழாயை நீட்டித் தரையைக் கழுவிவிட்டு, ஐஸைத் துணியில் சுற்றிக் கொடுப்பேன்.

"நோகுதோ?"

"இல்லை, சாம்." என் பெயர் அவர்களுக்கு வாயில் நுழையாது, யார்டில் எல்லாருக்கும் நான் சாம். "கொஞ்சம் இறுக்கமாய் இருக்கு. அவ்வளவுதான்."

நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நிற்கும். வாய் மட்டும் இல்லை என்று சொல்லும்.

அதுதான் அவன். ஒரு நாள் மெக்கானிக்கின் கை வழுக்கிப் பொனட் அவனுடைய விரல்களின் மேல் விழுந்தது. நானும் மெக்கானிக்கும் கத்தினோம். அவன் கத்தவில்லை. நகம் கறுத்துப்போன கையைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அப்போது வந்த வாடிக்கையாளருக்கு மற்றக் கையை நீட்டினான். நோகிறது என்ற சொல்லை அவனுக்கு யாரோ சின்ன வயதிலேயே எடுத்து ஒளித்துவிட்டார்கள் போல இருந்தது.

கிளப்பில் வைத்தியம் பார்ப்பவன் என்று ஒருவன் இருந்தான். டொக்டர் இல்லை, தைலம் பூசுகிறவன். முழங்கால் அதிகம் வீங்கினால் சனிக்கிழமைக்கு முன் அவன் வந்து ஊசி குத்தி நீரை இழுப்பான். மஞ்சள் நிறத்தில், இரத்தம் கலந்து வரும். ஒரு நாள் அதை என்னுடைய வாளியிலேயே ஊற்றிவிட்டு, அதே கையால் மீட் பை என்கிற இறைச்சிப் பலகாரத்தைத் தக்காளி சோஸில் தோய்த்துத் தின்றான். அன்றைக்கு நான் அந்த வாளியை எறிந்துவிட்டு வேறு வாங்கினேன். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அம்மாவைக் கேளுங்கள், ஞாபகம் இருக்கும்.

அம்மாதான், "ஒரு நாள் அந்தப் பிள்ளையைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றா.

வந்தான். குசினிக்குள்ளேயே மேசை, நெருக்கமான இடம். காலை முழுதாக மடக்க முடியாததால் கதிரையைத் தள்ளிப்போட்டு, காலைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு இருந்தான். பெரியவள் தவழ்ந்து போய் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றாள். நான் அவளைத் தூக்க எழும்பினேன். அவன் அசையாமல் இருந்தான்.

சோறு, கத்தரிக்காய்ப் பொரியல், சொதி. எனக்கென்று அம்மா பொரித்து வைத்த மோர்மிளகாயை அவன் ஏதோ மரக்கறி என்று நினைத்து முழுதாக வாயில் போட்டுக் கடித்துவிட்டான். முகம் சிவந்து, காது சிவந்து, கண்ணால் தண்ணீர் ஓடத் தொடங்கியது.

"உறைக்குதோ?" என்று நான் பதறினேன்.

"இல்லை. நல்லாயிருக்கு." மூக்கை உறிஞ்சினான். "இன்னொன்று இருக்கா?"

அம்மா விழுந்து விழுந்து சிரித்தா. "ஐயோ, பொய்யைப் பாருங்கோவன்! கண்ணாலை ஆறு ஓடுது, வாய் இல்லை எண்டுது." அவன் உண்மையிலேயே அடுத்த மிளகாய்க்குக் கையை நீட்டியபோது சிரிப்பை நிறுத்திவிட்டா. மிளகாய்க் கோப்பையைத் தூக்கித் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "காணும்!" என்றா. பிறகு தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "இனஃப். நோ மோர்."

அவன் நீட்டிய கையோடு அப்படியே இருந்தான். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னான், "மிசிஸ் சாம்தான் எனக்குப் போதும் எண்டு சொன்ன முதல் ஆள்."

சாப்பிட்ட பிறகுதான் அந்த விஷயத்தைச் சொன்னான். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் முழங்காலைத் திறந்து இன்னொரு தரம் தைத்துப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார். நாளும் குறித்தாயிற்று. அதுவரை கால் வீங்கக்கூடாது. இன்னொரு அடி பட்டால் தைத்துப் பயனில்லை, மூட்டை ஆணி வைத்து நேராகப் பூட்டிவிட வேண்டியதுதான். பிறகு ஆயுள் முழுக்க மடங்காது.

"சரிவந்தால் திரும்ப விளையாடுவியோ?" என்று கேட்டேன்.

"விளையாட்டு வேண்டாம் சாம். மடங்கினால் போதும்." மேசைக்குக் கீழே தன் காலைப் பார்த்தான். "மற்ற ஆக்களைப் போலக் கதிரையை முன்னுக்கு இழுத்துப்போட்டு இருக்கவேணும். படிப்பை முடிச்சுப் பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கலாம் எண்டு யோசிக்கிறன்."

இவ்வளவுதான் அவன் கேட்டது, பிள்ளைகளே.

ஒப்பரேசனுக்கு முந்திய சனிக்கிழமையில் முதலாளி ஒரு ஆட்டம் வைத்தார். கிளப்புக்குப் புதுக் கட்டடம் கட்டவேண்டுமாம். பழைய ஆட்டக்காரரும் புதிய பொடியன்மாரும் ஆடுவது, இடைவேளையில் அவன் அதே மூலையில் நின்று அந்தக் கோலைத் திரும்ப அடித்துக் காட்டுவது. சுவரெல்லாம் அவனுடைய படம்.

"ஒப்பரேசன் இருக்கு," என்று அவன் மெல்லச் சொன்னதை நான் கழுவுகிற இடத்திலிருந்து கேட்டேன்.

"ஒரே ஒரு அடி, மகனே," என்றார் முதலாளி. தோளில் கையைப் போட்டார். "ஒருத்தனும் உன்னைத் தொடமாட்டான். நின்றபடி அடி, கையைக் காட்டு, போ. சனம் உன்னைப் பாக்கத்தான் வருது. ஏன், முடிஞ்சு போச்சோ? ஒன்றும் மிச்சமில்லையோ?"

அவனுடைய விரல் தானாக மேலே போனது. "இருக்கு. இன்னொன்று இருக்கு."

அன்று பின்னேரம் நான் அவனிடம் சொன்னேன், "சனிக்கிழமை மத்தியானம் எங்கடை வீட்டை சாப்பிட வா. மிசிஸ் சாம் சொன்னவ."

அப்படிச் சொல்லச் சொன்னது அம்மாதான். "வீட்டை வரட்டும், நான் போகவிடாமல் மறிக்கிறன்" என்று எனக்குச் சொல்லியிருந்தா.

அவன் என் முகத்தைப் பார்த்தான். விளங்கிக்கொண்டான். "சரி சாம், வாறன். சொல்லு அவவுக்கு."

அம்மா விடிய எழும்பிச் சமைத்தா. அவனுடைய கால் வைக்க என்று ஒரு ஸ்டூலில் தலையணை போட்டு வைத்தா. மத்தியானம் ஆயிற்று. சொதி ஆறியது. "நீங்கள் போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ," என்றா அம்மா. "காதைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வாங்கோ."

ஓட்டமும் நடையுமாகப் போனேன். மழை விட்டிருந்தது. மைதானம் முழுக்கச் சேறு. வேலியைச் சுற்றிச் சனம், பியர் வாசம், தைல வாசம், பொரித்த வெங்காய வாசம். அந்த மூலையில் அவன் தனியாக நின்றான், பழைய கல்லூரிச் சட்டையோடு. நான் வேலியருகே போவதற்குள் பந்தைக் கொடுத்துவிட்டார்கள். அடித்தான். பந்து உயரமான கம்பங்களுக்கு நடுவால் அழகாகப் போனது. அவன் விழவில்லை. ஒன்றும் ஆகவில்லை. கையைக் காட்டிவிட்டுத் திரும்பினான்.

எனக்கு உயிர் வந்தது. வேலியில் ஏறிக் கையை அசைத்தேன். "வா! சாப்பாடு! மிசிஸ் சாம்!" என்று கத்தினேன். அவன் என்னைக் கண்டான். சிரித்தான். என் பக்கமாக நடந்தும் வந்தான்.

அப்போதுதான் தொடங்கினார்கள். முதலில் ஒருவர், பிறகு நாலு பேர், பிறகு வேலி முழுக்க. "இன்னொன்று! இன்னொன்று! இன்னொன்று!" அவனுடைய சொந்த வார்த்தையையே அவனுக்கு எதிராகக் கத்தினார்கள். சின்னப் பிள்ளைகள் தகப்பன்மாரின் தோளில் இருந்து கத்தினார்கள். முதலாளி பந்தைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டு நின்றார்.

அவன் நின்றான். என்னைப் பார்த்தான். சனத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, மன்னிப்புக் கேட்பவன் போல, ஒரு விரலை உயர்த்தினான்.

இடது காலைச் சேற்றில் ஊன்றியபோது அது வழுக்கவில்லை, புதைந்தது. உடம்பு சுழன்றது, முழங்கால் சுழலவில்லை. அதற்கு மேல் எழுதினால் உங்களுக்கு இரவில் நித்திரை வராது.

ஸ்ட்ரெச்சரில் தூக்கினார்கள். அந்த நேரம் சனம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் இதைக் கண்டு, எங்கள் ஊரில் என்றால் சனம் உள்ளே ஓடும், இவர்கள் ஒருவன் அடிபட்டதைக் கொண்டாடுகிறார்களே என்று நினைத்தேன். பிறகு அது மரியாதை என்று விளக்கம் சொன்னார்கள். நம்பினேன். அன்று நான் முதலில் நினைத்ததுதான் சரி என்று பட்டது. அவனும் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி கையை உயர்த்தி அசைத்தான். பல்லைக் காட்டிச் சிரித்தான். எனக்கு அவன் மீதும் சேர்த்து அருவருப்பு வந்தது.

நான் உள்ளே ஓடினேன். முதலாளி என் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினார். "வெளியே போ சாம். இது அவன்ரை நேரம்."

நான் போகவில்லை. ஸ்ட்ரெச்சரோடு கூடவே நடந்தேன். கொட்டகைக்குப் பின்னால், பியர்ப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் அவனை இறக்கி வைத்துவிட்டு, அம்புலன்ஸ் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். சேற்றுக் கையால் என் சட்டையைப் பிடித்தான்.

"சாம், இன்னும் தட்டுகினமோ?"

எட்டிப் பார்த்தேன். ஆட்டம் திரும்பத் தொடங்கியிருந்தது. மற்றவர்கள் மீட் பைக்கு வரிசையில் நின்றார்கள். முதலாளி ஒலிபெருக்கியில் பகிடி விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இல்லை," என்றேன். "நிப்பாட்டிட்டினம்."

அவன் என் சட்டையை விட்டான். பிறகு முகம் ஒரு சின்னப் பிள்ளையின் முகம்போலக் கோணியது.

"நோகுது," என்றான். "சாம், நோகுது. கடுமையாய் நோகுது."

என்னிடம் ஐஸ் இல்லை, துணி இல்லை. அவன் தலையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "ஓம், ஓம், நோகுந்தான்" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தேன். அம்புலன்ஸ் வரும்வரை அவன் அந்த ஒரு சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்.

ஆஸ்பத்திரியில் முழங்கால் மூட்டை ஆணி வைத்துப் பூட்டிவிட்டார்கள். மடங்காத காலோடு கார் ஓட்டிக் காட்ட முடியாது என்று முதலாளி வேறொரு ஆட்டக்காரனை வேலைக்கு வைத்தார். அந்தப் புதியவனுக்குத் தோள்பட்டை உடைந்திருந்தது. அடுத்த சனிக்கிழமை பொடியன்மார் வரிசையாக வந்து அந்தத் தோளைத் தொட்டார்கள். நான் குழாயைக் கீழே போட்டுவிட்டு வெளியே நடந்தேன், திரும்பப் போகவில்லை.

பிறகு ஒரே ஒரு தரம் அவனை ரயிலில் கண்டேன். வழியில் கட்டைபோலக் காலை நீட்டிக்கொண்டு இருந்தான். நான் எழும்பி அவனிடம் போகப் பார்த்தேன். அதற்குள் ஒருவர் அவனை அடையாளம் கண்டுவிட்டார். "நீ அந்தக் கோல் அடிச்சவன் எல்லோ! கதையைச் சொல்லு!" அவன் உற்சாகமாகக் காற்சட்டையைச் சுருட்டத் தொடங்கினான். என்னால் பார்க்க முடியவில்லை. அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிட்டேன், அது என்னுடைய ஸ்டேஷன் இல்லை.

இப்போது போன சனிக்கிழமைக்கு வருகிறேன். என்னை வேலி ஏறி ஓட வைத்தது எது என்று இப்போது விளங்கும். ஆனால் அந்தப் பையன் என் காதில் என்ன சொன்னான் என்று நீங்கள் ஒருவரும் கேட்கவில்லை. அவன் சிரித்துக்கொண்டு, சனத்துக்குக் கையை அசைத்துக்கொண்டுதான் வந்தான். வேலியோரத்தில் எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

"எனக்கு நோகுது," என்றான். "அம்மாவைக் கூப்பிடுங்கோ."

அவனுடைய அம்மா வேலியோரம்தான் நின்றா. கைதட்டிக்கொண்டு நின்றதால் அவவுக்குக் கேட்கவில்லை. நான் போய்க் கூப்பிட்டேன்.